ஞான ஒடுக்கமும் ஆடவர் கூட்டுறவும்

ஞான ஒடுக்கம் என்னுந் தொடர் கத்தோலிக்கத் தமிழ் மக்களிடையே நெடுநாளாய் வழங்கிவருவது. இக்காலத்தார் பெரும்பாலும் தியானம் என்றே சொல்லிவிடுகின்றனராயினும், பழைய தொடரில் ஒரு நயம் உண்டு. ஒடுக்கம் என்பது ஒடுங்குதல்; பரந்து திரிந்த ஒன்று தன்னிடத்தே வந்து அடங்குதல். ஆமை தன் உறுப்புக்களை ஓட்டினுள் இழுத்துக்கொள்வதைப் புலனடக்கத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவனார். ஆமை ஒடுங்குவதைக் கண்டோர், அது மீண்டுந் தலைநீட்டி நடப்பதையுங் கண்டிருப்பர். என்றும் ஓட்டினுள்ளேயே கிடப்பது உயிருள்ள ஆமையின் இயல்பன்று. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இவ்விரண்டாம் பகுதியையே. மூன்று நாளோ எட்டு நாளோ ஒடுங்கியிருந்த ஆடவர், தத்தம் பங்குக்கு மீண்டபின் யாது செய்கின்றனர் என்பதே வினா.

இவ்வினா நம் போன்ற மாணாக்கர்க்குப் புறம்பானதன்று. ஒடுக்கம் முடிந்த அன்று மாலை விடுதியில் நிலவும் அமைதியும், அடுத்த வாரம் அவ்விடுதியில் எழும் ஆரவாரமும் அனைவரும் அறிந்தவை. பங்குகளிலும் கதை இதுவே. தவக்காலத்தில் ஆடவர்க்கென ஒடுக்கம் நடைபெறுங்கால் கோயில் நிரம்பும். பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே வரிசை நீளும். பாஸ்குத் திருநாள் கழிந்த சின்னாளில் அவ்வாடவருட் பலர், ஞாயிற்றுப் பூசைக்கு வந்தும், பிரசங்கம் முடியுந்துணையும் முற்றத்து மரநிழலில் நிற்பர். பெண்டிரோ, ஒடுக்கம் நடப்பினும் நடவாவிடினும், செபமாலை சொல்லியும், நோயாளரைச் சென்று கண்டும், சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தும் கோயிலைத் தாங்கிவருகின்றனர். ஆகலின் ஆடவர்க்கெனத் தனி முயற்சியொன்று வேண்டப்படுவது அவர்தஞ் சிறப்பினாலன்று, குறையினாலேயாம் என்பது நம் கருத்து.

ஒடுக்கத்துக்கு முறை வகுத்த பேராசிரியர் புனித இஞ்ஞாசியார் என்பதை அறியாதார் இலர். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையைக் காத்துநின்ற அவ்வீரரைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. படுக்கையிற் கிடந்த நாட்களில் அவர் உள்ளம் திரும்பிற்று. 1522-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மன்ரேசா என்னும் ஊரையடைந்து, ஓராண்டிற்குச் சற்றுக் குறையத் தங்கி, தாம் பெற்ற பட்டறிவைக் குறித்துவைத்தார். அக்குறிப்புக்களே வளர்ந்து ‘ஆன்மப் பயிற்சிகள்’ என்னும் நூலாயின. மூன்றாஞ் சின்னப்பர் என்னும் பாப்பரசர் 1548-இல் அதனை ஏற்று உறுதிசெய்தார். அந்நூலைப் படிப்போர்க்கு அது சுவைதராது. நீச்சற் கலையைப்பற்றிய நூலைக் கரையில் அமர்ந்து படித்தாற் போன்றதே அது; வழிகாட்டும் ஒருவர் துணையொடு செய்து பார்ப்பதற்கென்றே எழுந்தது. நான்கு ‘வாரங்கள்’ எனப் பகுக்கப்பட்டு, ஏறக்குறைய 30 நாளில் முடிவது.

இந்நூலின் தொடக்கத்தே சில குறிப்புக்கள் உள. அவற்றுள் 19-ஆவது குறிப்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஊர்ப்பணியினும் தொழிலினும் சிக்குண்டு, 30 நாள் ஒதுங்கியிருத்தற்கு இயலாதவன் யாது செய்வது? அவன் தன் வீட்டிலிருந்தே நாடோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அப்பயிற்சிகளைச் செய்யலாம் என இஞ்ஞாசியார் இடந்தந்தார். துறவியர்க்கென்றே ஒடுக்கம் அமைந்ததென்பாரை இக்குறிப்பொன்றே மறுக்கும். கடையும் வயலும் அலுவலகமும் உடைய ஆடவனை அவர் தொடக்கத்திலேயே நினைந்திருந்தார்.

எனினும் அந்நூல் தனியொருவன் உள்ளத்தைப் பற்றியது. ஒடுங்கி எழுந்தவன் தன்னொத்தாரொடு கூடி வாழுமாறு யாங்ஙனம் என்பதை அது விரித்துரைத்திலது. அக்குறையை வெவ்வேறு காலத்து வெவ்வேறு நாட்டு ஆடவர் வெவ்வேறு வகையால் நிரப்பினர். 1563-இல் உரோமைக் கல்லூரியில் யோவான் லூனிஸ் என்னும் இளைய சேசுசபையார் மாணாக்கரைக் கூட்டி நிறுவிய தேவமாதா சபை அவற்றுள் முந்தியவற்றுள் ஒன்று. அதனை ஈண்டு விரியாது விடுத்து, பாரிசு மாநகர் செல்வாம். நம் வயதினர் சிலர் செய்த செயல் அங்கே உளது.

பிரெதெரிக் ஓசானாம் 1813-இல் மிலான் நகரிற் பிறந்து லியோனில் வளர்ந்தவர். 1831-ஆம் ஆண்டிறுதியில் சட்டம் பயிலப் பாரிசு வந்தார். அவர் குடியிருந்தது, மின்னியலில் அழியாப் பெயர்பெற்ற ஆம்பேர் என்பாரது இல்லத்தில். நம் பௌதிக மாணாக்கர் நாடோறும் உச்சரிக்கும் அளவைக்குப் பெயர் தந்தவர் அவரே. அடுத்த ஆண்டு அந்நகரில் பேதி நோய் பரவி 18,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மாணாக்கரோ வரலாறு பற்றியும் மெய்யியல் பற்றியும் ஒரு கழகத்தில் கூடிச் சொற்போர் நிகழ்த்திக்கொண்டிருந்தனர். கிறித்துவம் முற்காலத்தே உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாமும் தோழரும் எடுத்துரைத்தபோது, எதிர்க்கட்சியினர், அஃதிருக்க, இன்று நீவிர் செய்வது யாது என வினவினராம். சொற்போரில் விடைகூறுதற்கு அரிய வினா அது. விடைகூற முயன்றிருந்தால் மற்றுமொரு நல்ல சொற்பொழிவு கிடைத்திருக்கும், அவ்வளவே.

1833-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள், ஓசானாம் பிறந்தநாளன்றே, மாணாக்கர் அறுவரும், எம்மானுவேல் பாய்யி என்னும் முதிர்ந்த பத்திரிகையாசிரியர் ஒருவருமாக எழுவர், அவர்தம் பத்திரிகை அலுவலகத்திற் கூடினர். வறியோரை அவரவர் வீட்டிற் சென்று காண்பது என்பதே தீர்மானம். ஆனால் எவ்வீட்டுக்குச் செல்வது? சட்டமும் இலக்கியமும் பயிலும் இளைஞர்க்கு ஏழையின் வாயில் எங்குளது என்பதே தெரியாது. முப்தார் என்னும் ஏழையர் சேரியில் நெடுங்காலம் உழைத்துவந்த ரோசலி ராந்து என்னுங் கன்னியரை அணுகினர். அவரே வீடுகளைக் காட்டினார். உரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுக்களைத் தந்தார். வறியவரிடத்துப் பேசவேண்டிய முறையையுங் கற்பித்தார். ஆடவர் சபைகளின் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. நாம் அங்ஙனஞ் செய்யோம். உலகெங்கும் பரந்த ஓர் ஆடவர் சபை தன் முதற்பாடத்தை ஒரு பெண்மணியிடங் கேட்டது. இத்தாலியில் 1856-இல் பெண்டிர் தமக்கெனத் தனிக் கிளை காணவும், 1967-இல் இரண்டும் ஒன்றாகவும் நேர்ந்தது பின்னைய கதை.

இவர்கள் கைக்கொண்ட முறை மிக எளியது. வாரந்தோறும் ஒருமுறை கூடுவர், செபம் சொல்வர், ஓர் ஆன்ம நூலிலிருந்து சிறிது படிக்கக் கேட்பர், ஒவ்வொருவரும் தாங்கண்ட குடும்பத்தின் நிலையைச் சுருங்க உரைப்பர், அடுத்த வாரத்துப் பணியைப் பகிர்வர். வீடு காணச் செல்வோர் இருவராகவே செல்வர். ஒருவன் தனித்துச் சென்றால் கொடையாளியாகிவிடும் அச்சமுண்டு. இருவர் செல்லின் விருந்தினராகலாம். இக்காரணம் நாமாகக் கருதுவது. ஆயினும் முறை இன்றளவும் அவ்வாறே நிலைபெற்றுள்ளது.

1834-ஆம் ஆண்டு முடிவில் அவ்வெழுவர் நூற்றுக்கு மேற்பட்டோராயினர். இடம் போதாமையொடு, ஒருவரை ஒருவர் அறியாமையுந் தலைகாட்டிற்று. பகுதி பகுதியாகப் பிரிவோம் என ஓசானாம் முன்மொழிந்தபோது, நட்புக் குலையுமென்று பலர் வருந்தித் தடுத்தனர். ஆயினும் 1835-இல் பங்குகளையொட்டிப் பிரிவு நிகழ்ந்தது. அவ்வாண்டே விதிகளும் எழுதப்பெற்றன. அச்சங்கத்தின் பிழைப்பு இப்பிரிவாலேயே என்பது நம் துணிபு. பிரியாதிருந்தால், பாரிசு மாநகரில் ஒரு பெரிய மண்டபமும், அதில் ஆண்டுதோறும் ஒரு விழாவும் எஞ்சியிருக்கும். பிரிந்தமையால் சிறுசிறு குழுக்கள் பங்குதோறும் முளைத்தன. புனித வின்சென்ட் தெ பவுல் சபை என்னும் பெயரால் இன்று 140-க்கு மேற்பட்ட நாடுகளில் உள்ளன. தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அச்சபையைக் காணலாம்.

ஓசானாம் பிற்காலத்தே சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டிலக்கியப் பேராசிரியரானார். தாந்தேயைப்பற்றி ஆராய்ந்தவர்களுள் மதிக்கத்தக்கவர். 40 வயதிலேயே, 1853-இல், மார்செய்ய் நகரில் உயிர்நீத்தார். 1997-இல் பாரிசு நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தில் பாப்பரசர் இரண்டாம் யோவான் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இலக்கியம் பயில்வோன் நூலகத்துக்கும் சேரிக்குமாக நடந்த நடையை, இலக்கியம் பயிலும் நாம் சற்றுப் பொறாமையொடு நோக்குகின்றோம்.

இனிக் கடல்கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் செல்வாம். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் புனித மரியாள் ஆலயம், புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்கு அருகே, செல்வர் வாழும் வீதியில் நின்றது. அதன் பங்கு மக்களிற் பெரும்பாலார் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர். செல்வர் வீதியில் இவர்தங் கோயில் நிற்பதே அவ்வூரார் சிலர்க்குக் கண்ணுறுத்திற்று. தொழிற்சாலையில் உழைப்போன் இளமையிலேயே இறத்தல் அக்காலத்தே பெருவழக்கு. இறந்தபின் மனைவி மக்கள் நிலை யாதாகும்? காக்க இயலாத தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வேறிடம் அனுப்புதலும் உண்டு. இத்தகைய காலத்து உதவிசெய்யும் ஆடவர் கழகங்கள் பல இருந்தன. ஆனால் அவை மறைச்சடங்குகளையுடையவை. அவற்றிற் சேர்தலைத் திருச்சபை விலக்கியிருந்தது. விலக்கியது நன்று, விலக்கியபின் அவ்விடத்தை நிரப்புவது எது என்பதே இடர்ப்பாடு. சேராதே என்று பிரசங்கத்தொட்டியிலிருந்து சொல்லும் குருவானவர், இறந்தான் மனைவிக்கு எவர் சோறிடுவர் என்பதற்கும் விடைகூறல் வேண்டுமன்றோ?

அவ்விடையைத் தேடியவர் அப்பங்கின் உதவிக்குரு மைக்கேல் மக்கிவ்னி. இவர் 1852-இல் வாட்டர்பரி நகரிற் பிறந்தவர். தந்தை பித்தளைத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளி. தாமுஞ் சிறுவயதில் கரண்டிகள் செய்யுந் தொழிற்சாலையில் உழைத்தவர். 1873-இல் தந்தை இறந்தபோது குருமடத்தை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது. மேற்றிராணியார் உதவியால் மீண்டுஞ் சென்று படித்து, 1877-இல் பால்டிமோர் நகரிற் குருப்பட்டம் பெற்றார். கைம்பெண்ணின் வீட்டில் அடுப்பெரியாத நாளை அவர் நூலிற் படித்தறிந்தாரல்லர்.

1881-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆலயத்தின் நிலவறையில் ஆடவர் சிலரைக் கூட்டினார். வேறொரு மாநிலத்தில் முன்னரே இருந்த கத்தோலிக்கக் கழகமொன்றன் கிளையாகலாம் என எண்ணினார். அதன் சாசனம் மாநில எல்லையைக் கடக்க இடந்தரவில்லை. ஆகவே புதிதாகவே அமைத்தனர். கொலம்பஸ் வீரர் சபை என்னும் பெயரொடு அது 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் மாநிலச் சட்டமன்றத்தால் ஏற்கப்பட்டது.

அதன் தொடக்கக் கணக்கு அறியத்தக்கது. உறுப்பினன் ஒருவன் இறப்பின், எஞ்சியோர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தருவர். அவன் மனைவிக்கு 1,000 டாலர் சேரவேண்டும் என்பது திட்டம். உறுப்பினர் தொகை 1,000-க்கு மேற்படுமாயின் தலைக்குரிய தொகை அவ்வளவிற் குறையும். நோயுற்று வேலைக்குச் செல்லாதவன் வாரம் 5 டாலர் வரை 13 வாரம் பெறலாம். அதன்மேல் அவனைச் சேர்ந்த குழுவினர் முடிவுசெய்வர். இதிற் குறையில்லாமலில்லை. இளைஞனும் முதியவனும் ஒரே தொகை தந்தமையால், இளமையிற் சேர்ந்தவன் தன் வாழ்நாளில் மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தது. கொள்ளை நோய் வந்து ஒருங்கே பலர் மாண்டால் யாதாகும் என்னும் அச்சம் தொடக்கத்திலேயே தோன்றியும், சேமநிதி அமைந்தது 1892-இலேதான். அன்புக்குக் கணக்கு எதற்கு என்பார் உளர். கணக்கின்றித் தொடங்கிக் கைம்பெண்ணை ஏமாற்றுவதினும், பிழையுடைய கணக்கொன்றைத் தொடங்கிப் பின்னர்த் திருத்துவது மேலன்றோ?

மக்கிவ்னியார் அச்சேமநிதியைக் காண இருந்திலர். 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், 38 வயதில், நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பெற்றார். அவர் சபையில் இப்பொழுது 20 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆடவர் உளர். அதன் காப்பீட்டுத் தொழிலும் மிகப் பெரிது. அணிவகுப்பும் உடையும் பட்டப்பெயரும் அச்சபையில் மிகுதி; அவற்றில் நமக்கு வேட்கையில்லை. நிலவறையிற் கூடியவர்கள் இறந்தவன் மனைவியை முன்னிறுத்திப் பேசினரே, அதுவே நம்மை ஈர்ப்பது.

பாரிசினும் நியூ ஹேவனினும் கண்டவை கூட்டுறவின் வரலாறு. ஒடுக்கத்தின் வரலாறோ இதனோடு ஒட்டாமல் வேறொரு வழியே சென்றது. பொதுநிலையினர் தங்கி ஒடுங்குதற்கென்றே வீடுகள் எழுந்தன. பிரான்சு நாட்டு வான் நகரில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அத்தகைய இல்லம் இருந்தது. நியூயார்க்கு நகரைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில், சேசுசபையாராகிய டெரன்ஸ் ஷீலி 1911-இல் ஆடவர்க்கென ஓர் இல்லங் கண்டு, அதற்கு மன்ரேசா மலை எனப் பெயரிட்டார். 1929-இல் பதினோராம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் ஒடுக்கத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் விடுத்தார். ஸ்டேட்டன் தீவு இல்லம் நூறாண்டு கடந்து, 2013-இல் மூடப்பட்டது. வீடுகள் மூடப்படும், அங்கு ஒடுங்கியவர் தம் பங்கில் யாருடன் கூடினர் என்பதே எஞ்சும்.

இவ்விரண்டு வழியையும் ஒன்றாய்ப் பிணைத்தவர் குருவானவரல்லர். ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவினராகிய எதுவார்தோ பொன்னின் என்னும் பொதுநிலையினர். 1917-இற் பிறந்த இவர் இளமையிற் படைச்சேவைக்குச் சென்று ஒன்பதாண்டு கழித்தார். பக்தி நிறைந்த தம் இல்லத்துக்கும் படைவீட்டுக்கும் உள்ள தொலைவு அவர்க்கு வியப்பளித்தது. படைவீட்டில் கோயிலை நினையாத இளைஞர் தீயரல்லர் என்பதையும், அவர்க்கு அறிவுறுத்துவார் அவர் மொழியிற் பேசவில்லை என்பதையுங் கண்டார். இதன் பயனாக விளைந்ததே குர்சில்லோ. சிறு பாடம் என்பது அச்சொல்லின் பொருள். அதன் தொடக்கம் 1944 என்பாரும் 1949 என்பாரும் உளர். மூன்று நாள் ஒடுக்கம். அதில் 15 உரைகள். அவற்றுள் 10 உரைகளைப் பொதுநிலையினரே ஆற்றுவர். தச்சனும் வங்கி எழுத்தனும் வழக்கறிஞனும் ஒரே மேசையில் அமர்ந்து கேட்பர்.

இவையெல்லாம் பிற ஒடுக்கங்களினும் காணத்தக்கவையே. பொன்னின் கண்ட புதுமை, மூன்று நாளின் பின்வரும் வாழ்நாள் முழுவதற்கும் ‘நான்காம் நாள்’ எனப் பெயரிட்டதாகும். மூன்று நாளில் முடிந்தது என்று எவனுஞ் சொல்லாதவாறு பெயரிலேயே பூட்டிட்டார். அந்நான்காம் நாளுக்கென வகுத்தது வாரந்தோறுங் கூடும் சிறு நண்பர் குழு. மூவரோ ஐவரோ கூடுவர். இவ்வாரம் எவ்வாறு செபித்தாய், யாது கற்றாய், யாது செய்தாய் என்னும் மூன்றையும் ஒருவருக்கொருவர் உரைப்பர். சொற்பொழிவில்லை, தலைவரில்லை, தன்னை அறிந்த நால்வர் முன் வெறுங்கையனாய் வர நாணும் நாணமே கண்காணிப்பு. 1956-இல் அத்தீவின் மேற்றிராணியார் தம் மறைமாநிலத்தில் குர்சில்லோவைத் தடைசெய்தார். ஆயினும் ஒடுக்கம் அணைந்திலது. ஸ்பெயின் நாட்டுப் பிற மறைமாநிலங்களில் நடந்தது. 1957-இல், விமானப் பயிற்சிக்குச் சென்ற ஸ்பானிய வீரர் இருவராலும் அவரொடு சேர்ந்த ஒரு குருவாலும் டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் வேரூன்றிற்று.

இவற்றை நோக்க, பங்கில் ஆடவர் சபை தளர்வது ஏன் என்பது ஒருவாறு விளங்கும். கூட்டம் பெரிதாதல் ஒரு காரணம். நூறுபேர் கூடுமிடத்து ஒருவன் வாராமை எவர்க்குந் தெரியாது. திருநாட் சப்பரமுங் கொடியும் அன்றி வேறு வேலையின்மை மற்றொன்று. ஆண்டில் ஒருநாள், தலைவரைத் தெரிந்தெடுக்கும் நாளன்று மட்டும், இடங்கொள்ளாது நிறையும் சபைகளும் உண்டு. அவற்றைப் பற்றி நாம் விரித்தல் வேண்டா, எல்லாரும் ஓரிரண்டை அறிவர். இவற்றினுங் கொடியது, உதவிபெறுவோர் பெயரறியாமல் உதவுதல். ஓசானாமின் தோழர்க்கு ஒவ்வொருவர்க்கும் ஒரு குடும்பம் பெயரொடு தெரியும். அக்குடும்பத்துக்கு அவனைப் பெயரொடு தெரியும். ‘ஏழைகள்’ என்னும் பன்மைச்சொல் அக்கூட்டத்தில் மிகுதியாக வழங்கியிராது.

வின்சென்ட் தெ பவுல் சபையின் வாரக்கூட்டம் ஒன்றன் முடிவைச் சொல்லி நிற்பாம். நோயுற்றோர், வேலையிழந்தோர், பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத சிறார் என ஒவ்வொரு வீட்டின் செய்தியும் உரைக்கப்பட்டபின், ஒரு பை கைம்மாறிச் சுற்றிவரும். அனைவரும் அதனுட் கைவிடுவர். இட்டது எவ்வளவு என்பது பக்கத்திருப்போனுக்குந் தெரியாது. மடக்கிய கையை உள்ளே விட்டு வெறிதே எடுப்பவனும் இருக்கலாம், அவன் நாணவேண்டுவதில்லை. பை மேசைமேல் வைக்கப்படும். அடுத்த வாரம் யார் எவ்வீட்டுக்கு என்பது குறிக்கப்படும். பின்னர் விளக்கை அணைத்து, இருவர் இருவராகத் தெருவில் இறங்கிச் செல்வர்.